மத்தியான ஷிப்டு ராசி

நூர் பாஷாவின் புளி லாரி எடைமேடையில் ஏறி நின்றது. சுவரில் இருந்த எடைக்காட்டியில் சிவப்பு எண்கள் குதித்து ஆடி அடங்கின. கம்ப்யூட்டரில் எடையைப் பதிவு செய்யும் பொத்தானை அழுத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அழுத்தினேன். மவுசை இழுத்துப் பார்த்தேன். திரையில் அம்புக்குறி செத்த எறும்பு மாதிரி ஒரே இடத்தில் கிடந்தது. மூலையில் இருந்த கடிகாரம் நான் சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்த நேரத்தையே இன்னமும் காட்டிக்கொண்டிருந்தது.

"சனியனே" என்றேன். கம்ப்யூட்டர் பெட்டியைத்தான் சொன்னேன்.

பாஷா ஜன்னலில் தலையை நீட்டினார். தர்மபுரியில் புளி மண்டிகளுக்குச் சரக்கு போடுகிறவர். எப்போதும் வண்டிக்கூட்டம் இல்லாத மத்தியானத்தில்தான் வருவார்.

"மறுபடியுமாம்மா?"

"ரெண்டு நிமிசங்கண்ணா. ஆஃப் பண்ணிப் போட்டுடறன்."

"போன தடவையும் இதத்தான் சொன்ன. நான் டீ குடிச்சு, டிரைவர் குடிச்சு, கிளீனர் குடிச்சு, அது எந்திரிக்கவே இல்ல. எடைதான் செவுத்துல தெரியுதே, கையில எழுதிக் குடுத்துடேன்."

"கையில எழுதினா மண்டியில எடுத்துக்குவாங்களா?"

"எடுத்துக்க மாட்டாங்க" என்று அவரே பதிலும் சொல்லிவிட்டு டீக்கடைக்குப் போனார்.

பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்து, மறுபடி போட்டு, எடை புரோகிராமைத் திறந்து ரசீது அடிப்பதற்குள், பின்னால் நின்ற இரண்டு வண்டிகள் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் இன்னொரு எடைமேடைக்குத் திரும்பிவிட்டன. கொட்டகை நிழலில் எங்கள் முதலாளி மாது உட்கார்ந்திருந்தார். இவ்வளவு நடந்தும் அவர் கம்ப்யூட்டரைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மாதுவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதியமான்கோட்டையில் நெடுஞ்சாலையை ஒட்டிய தன் நிலத்தில் எடைமேடை போட்டவர். நல்ல மனுஷன்தான், சம்பளத்தை ஒருநாளும் தள்ளிப் போட்டதில்லை. ஆனால் ராசி பார்க்காமல் தும்மக்கூட மாட்டார். மேடைக்குப் பூஜை போட்ட அன்று முதல் வண்டியாக ஏற்றியது அவருடைய அக்காள் மகன் ரஞ்சித்குமாரின் டிராக்டரை. ஏனென்றால் ரஞ்சித் தேங்காய் உடைத்த இடத்தில்தான் அவருக்குப் போர்வெல்லில் தண்ணீர் வந்ததாம். அந்தத் தேங்காயின் பலனாகக் காலை ஷிப்டு நிரந்தரமாக ரஞ்சித்துக்கு.

எனக்கு மத்தியான ஷிப்டு கிடைத்ததும் ராசியால்தான். பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் சயின்ஸ் சர்டிபிகேட்டை உறையிலிருந்து வெளியே எடுக்கக்கூட விடவில்லை அவர். நான் வணக்கம் சொல்லி உட்கார்ந்த நேரத்தில் தொப்பூர்ப் பக்கமிருந்து லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து வரிசை கட்டின. மாது வாயைப் பிளந்துகொண்டு ரோட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நல்ல கைராசி பாப்பா உனக்கு. நாளைக்கே வந்துரு" என்றார்.

எனக்குச் சிரிப்பாக இருந்தது. வேலை கிடைத்தால் சரி என்று வாங்கிக்கொண்டேன். தூக்கி வைத்த ராசியே ஒருநாள் தூக்கிப் போடும் என்று அப்போது தோன்றவில்லை.

பழைய கம்ப்யூட்டர் புகைந்து செத்ததும் டிபன் பாக்ஸ் அளவில் ஒரு புதுப் பெட்டி வாங்கி வைத்தார். அதற்குப் பிறகுதான் இந்த உறைந்து போகும் வியாதி. ஆனால் பெட்டி மாறியதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. புதுசு எப்படிக் கெட்டுப்போகும்?

பண்ணாத வைத்தியம் இல்லை. தர்மபுரியிலிருந்து சர்வீஸ் அருண்குமார் வந்தார். தூசி என்றார், ஊதினார். ரேம் என்றார், அதைக் கழற்றிப் பள்ளிக்கூட ரப்பரால் தேய்த்து மாட்டினார். யு.பி.எஸ். என்றார், மாற்றினோம். எர்த்து சரியில்லை என்றார், எர்த்துக் குழியில் உப்பும் கரியும் கொட்டித் தினமும் ஒரு பக்கெட் தண்ணீர் ஊற்றினேன். கடைசியில் சூடு என்றார். மாது உடனே ஒரு டேபிள் ஃபேன் வாங்கிவந்து பெட்டிக்கு நேராகத் திருப்பி வைத்தார். சித்திரை வெயிலில் எனக்கு ஃபேன் கிடையாது, பெட்டிக்கு இருந்தது.

அருண்குமார் இருக்கும்வரை அது சமர்த்தாக ஓடும். "பாருங்க, ஓடுது" என்று எதையாவது தட்டித் தட்டிக் காட்டுவார். அவர் பைக் ரோடு ஏறி, நான் சாப்பிட்டுக் கை கழுவி வருவதற்குள் நின்றிருக்கும். விண்டோஸ் போட்டால் எல்லாம் சரியாகும் என்று ஒருநாள் சொன்னார். எங்கள் எடை புரோகிராமோ லினக்ஸ் என்கிற வேறு சிஸ்டத்தில் மட்டும் ஓடும்படி சேலத்துக்காரர் ஒருவர் எழுதிக் கொடுத்தது. பழைய கம்ப்யூட்டரில் இருந்த அதே லினக்ஸைத்தான் புதுப் பெட்டியிலும் போட்டிருந்தோம். அந்தச் சேலத்துக்காரர் போனை எடுப்பதே இல்லை.

"இந்த எழவெடுத்த கம்ப்யூட்டர் காலையில ஒருநாளாவது நின்னுச்சா?" என்று மாது ரஞ்சித்திடம் கேட்டார்.

"இல்லீங்க மாமா. எங்கிட்ட ஜம்முனு ஓடுது."

"அப்பறம் மத்தியானம் மட்டும் ஏன் நிக்குது?"

சரியான கேள்விதான். அதை ஒழுங்காகக் கேட்டிருந்தால் அன்றைக்கே பாதி வேலை முடிந்திருக்கும். அவர்கள் இரண்டு பேரும் ஒன்றாகத் திரும்பி என்னைப் பார்த்தார்கள். குருவி உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்பார்கள். இங்கே விழுகிற ஒவ்வொரு பழத்துக்கும் குருவியை அடித்துக்கொண்டிருந்தார்கள்.

பேச்சு என்னைவிட வேகமாக ஊருக்குப் போய்ச் சேர்ந்தது. இண்டூருக்குத் திரும்பும் பஸ்ஸில் எங்கள் தெருக் கோவிந்தம்மாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டு, "ஏங் கண்ணு, நீ ஒக்காந்தா மிசினே நின்னு போவுதாமே?" என்று விசாரித்தாள். அக்கறையாகத்தான் கேட்டாள். பஸ் முழுவதும் காதைத் தீட்டிக்கொண்டது.

மறுநாள் காலையில் அம்மா என் சாப்பாட்டுப் பையில் ஓர் எலுமிச்சம்பழம் போட்டாள்.

"எதுக்கும்மா இது?"

"பையில கெடக்கட்டும். கோயில்ல வெச்சுக் குடுத்தது. மிசினுக்குப் பக்கத்துல வெச்சுக்கோ."

உன் கையில் என்னடி இருக்கிறது, அவன்கள் கிடக்கிறான்கள் என்று அவள் சொல்லுவாள் என நின்று பார்த்தேன். சொல்லவில்லை. அடுப்பைப் பார்க்கத் திரும்பிக்கொண்டாள். பஸ்ஸில் வழியெல்லாம் அந்தப் பழம் டப்பாவில் முட்டி முட்டி உருண்டது. ஆத்திரத்தில் கண்ணீர் வந்தது. மாது நம்பினால் போகட்டும், அம்மாவும் நம்புகிறாளே என்பதுதான் தாங்கவில்லை.

அந்த வாரமே மாது என்னைக் கொட்டகைக்குக் கூப்பிட்டார். முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"இந்த மாசத்தோட வேற எடம் பாத்துக்கோ பாப்பா. உம்மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல. ராசின்னு ஒண்ணு இருக்குதுல்ல. ரஞ்சித்தே ரெண்டு ஷிப்டும் பாத்துக்கட்டும்."

கோபம் இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். திருடினாள் என்றால் இல்லை என்று நிரூபிக்கலாம், வேலை தெரியாது என்றால் செய்து காட்டலாம். ராசி இல்லை என்றால் எதைக் காட்டுவது? வேறு எடைமேடைக்குப் போனாலும் இந்தப் பேர் எனக்கு முன்னால் போய் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும். டிரைவர்கள் வாயில் விழுந்த பேச்சு ஓசூர்வரைக்கும் போகும்.

போகத்தான் போகிறோம், இனி என்ன மரியாதை என்று மறுநாள் மத்தியானம் கம்ப்யூட்டரில் பாட்டுப் போட்டேன். சாப்பிடும்போதும் ஓடியது, வண்டி இல்லாதபோதும் ஓடியது, சாயந்திரம்வரை ஓடியது. வீட்டுக்குக் கிளம்பும்போதுதான் உறைத்தது. பெட்டி ஒரு தடவைகூட நிற்கவில்லை.

அடுத்த நாளும் பாட்டு. அன்றும் நிற்கவில்லை. மூன்றாம் நாள் மாது உள்ளே வந்தார்.

"ஏம் பாப்பா, இதான் சங்கதியா? அதப் போட்டு நாள் பூரா பாட வெச்சா நிக்காம என்ன செய்யும்? அதுக்குக் கொஞ்சம் ஓய்வு குடு!"

தானே பாட்டை நிறுத்திவிட்டுப் போனார். நான் ஒன்றையும் தொடாமல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் கடிகாரம் நின்றது. மவுசை ஆட்டினேன். அம்புக்குறி அசையவில்லை.

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. காலையில் மரவள்ளிக்கிழங்கும் மாங்காயும் கல்லுமாக வண்டிகள் இடைவெளி இல்லாமல் வருகின்றன. ரஞ்சித்திடம் பெட்டிக்கு மூச்சுவிட நேரமில்லை. அருண்குமார் தட்டிக்கொண்டே இருந்தார், அவரிடமும் நேரமில்லை. என்னிடம்தான் அதற்கு ஓய்வு. ஓய்வு கொடுத்தால்தான் அது சாகிறது. நாங்களோ வேலை அதிகமென்று நினைத்து ஃபேன் போட்டுத் தாலாட்டிக்கொண்டிருந்தோம்.

பெங்களூரில் வேலை செய்யும் ஷாஹீனுக்குப் போன் போட்டேன். கல்லூரியில் என் பக்கத்து பெஞ்சு. இப்போது ஒரு கம்பெனியில் இருக்கும் கம்ப்யூட்டர்களையெல்லாம் அவள்தான் மேய்க்கிறாள். சொல்லி முடிக்கும்வரை கேட்டுவிட்டு, "சும்மா இருக்கறப்பதான் நிக்குதா? நல்லாத் தெரியுமா?" என்றாள்.

"தெரியும்."

"அடியே, அந்தச் சின்னப் பெட்டிங்கள்ல அப்பிடி ஒரு சங்கதி உண்டு. வேல இல்லன்னா உள்ள இருக்கற சிப்பு கரண்ட மிச்சம் பண்ணத் தூங்கும். ரொம்ப ஆழமாத் தூங்கிடுச்சுன்னா எழுப்பத் தெரியணும். லினக்ஸ்ல கெர்னல்னு ஒண்ணு இருக்குதுல்ல, அதான் மேஸ்திரி, அதான் எழுப்பணும். உங்குளுது எந்தக் காலத்து கெர்னல்னு பாரு."

பார்த்துச் சொன்னேன். மறுமுனையில் அவள் தலையில் அடித்துக்கொண்ட சத்தம் கேட்டது.

"மேஸ்திரி கெழவன்டி. அந்தச் சிப்பு பொறக்கறதுக்கு முன்னாடி வேலைக்கு வந்தவன். புதுசு போடு. வூடு அதேதான், மேஸ்திரிய மட்டும் மாத்தற. உன் எடை புரோகிராமுக்கு ஒண்ணும் ஆவாது." கொஞ்சம் நிறுத்தி, "அனேகமா" என்றாள்.

அந்த 'அனேகமா' இரண்டு நாள் என்னைத் தூங்கவிடவில்லை. நடுவில் ஏதாவது ஆகிப் பெட்டி எழுந்திருக்காமலே போனால், ராசி கெட்டவள் என்ற பேரோடு மெஷினைக் கொன்றவள் என்ற பேரும் சேரும்.

வியாழக்கிழமையைத் தேர்ந்தெடுத்தேன். அன்றைக்கு ஒன்றரையிலிருந்து மூன்றுவரை ராகு காலம். அந்த நேரத்தில் மாது எதையும் புதிதாகத் தொட மாட்டார், தொடுகிறவர்களைப் பார்க்கவும் மாட்டார். கொட்டகையில் துண்டை விரித்துப் படுத்துவிடுவார். என் போன் நெட்டைப் பெட்டிக்குக் கொடுத்து, ஷாஹீன் அனுப்பிய கட்டளைகளை ஓர் எழுத்துக்கூட மாறாமல் அடித்தேன். கறுப்புத் திரையில் வெள்ளை வரிகள் ஓடின. ஓரிடத்தில் நின்றன. என் மூச்சும் நின்றது. மறுபடி ஓடின. முடிந்ததும் ரீஸ்டார்ட் கொடுத்தேன்.

திரை இருண்டது. இடது மூலையில் ஒரு சின்னக் கோடு மட்டும் மினுக் மினுக்கென்றது. வெளியே ஏதோ வண்டி ஹாரன் அடித்தது. வாய்விட்டு, "எந்திரி சனியனே, எந்திரி சாமி" என்று இரண்டையும் சேர்த்தே சொன்னேன்.

எழுந்தது. எடை புரோகிராமும் திறந்தது. பாட்டுப் போடவில்லை. கையைக் கட்டிக்கொண்டு கடிகாரத்தையே பார்த்தேன். அது ஓடிக்கொண்டே இருந்தது. சாயந்திரம்வரை, மறுநாள், அதற்கடுத்த நாள், ஓடிக்கொண்டே இருந்தது. நூர் பாஷா ரசீதைக் கையில் வாங்கியவர், "என்னம்மா, ஒரு டீக்குக்கூட டைம் குடுக்க மாட்டியா?" என்றார்.

தலைகால் புரியாத சந்தோஷத்தோடு மாதுவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். ஓய்வு, சிப்பு, மேஸ்திரி, எல்லாம். பொறுமையாகத் தலையாட்டிக் கேட்டார்.

"பாத்தியா பாப்பா," என்றார் கடைசியில். "நீ போறன்னு முடிவானதுமே அதுவா வழிக்கு வந்துருச்சு."

செவிடன் காதில் ஊதிய சங்கு என்பார்கள். செவிடனுக்காவது கேட்காது. இவர் கேட்டுவிட்டு என் சங்கை வாங்கி என் மண்டையிலேயே அடித்தார். இத்தனை பாடுபட்டுச் சரி செய்ததே எனக்கு எதிரான சாட்சியாகிவிட்டது.

"அண்ணா, ஒரே ஒரு பரீட்ச" என்றேன். என் குரல் எனக்கே உரக்கக் கேட்டது. "பழைய கெர்னலும் உள்ளதான் இருக்குது. பெட்டியப் போடறப்ப எது வேணும்னு பாத்து எடுத்தா பழசுலயே ஓட்டலாம். பழச ஓட விடறன். நீங்க வந்து ஒக்காருங்க. வண்டி வர்ற வரைக்கும் எதையும் தொடக் கூடாது."

"நான் ஒக்காந்தா அது நிக்காது பாப்பா."

"நின்னுதுன்னா கோளாறு கையில இல்ல, பெட்டியிலதான்னு ஒத்துக்கணும்."

"நிக்கலன்னா?"

"இன்னிக்கே டப்பாவ எடுத்துக்கிட்டுக் கெளம்பிடறன். மாசக் கடைசி வரைக்கும் இருக்க மாட்டன்."

பழைய கெர்னலில் பெட்டியைப் போட்டுவிட்டு எழுந்தேன். மாது குழாயடியில் கை கழுவி, திருநீறு பூசிக்கொண்டு வந்து என் நாற்காலியில் உட்கார்ந்தார். ஷிப்டு முடிந்த ரஞ்சித்தும் வேடிக்கை பார்க்க நின்றான். ரோட்டில் வெயில் காய்ந்தது, வண்டி எதுவும் உள்ளே திரும்பவில்லை. மூன்று பேரும் ஒன்றுமே செய்யாத ஒரு பெட்டியை முறைத்துக்கொண்டிருந்தோம். கடிகாரம் ஓடியது. மாது என்னைப் பார்த்துச் சிரித்தார். ரஞ்சித் கொட்டாவி விட்டான். சலிப்பில் மாதுவின் கை மவுசுக்குப் போனது.

"தொடாதீங்கண்ணா!"

இழுத்துக்கொண்டார். கடிகாரம் இன்னும் ஓடியது. என்றைக்கும் நிற்காதே என்று கெஞ்சிய பெட்டியை இன்றைக்கு நின்று தொலை என்று கெஞ்சினேன். ஒருவேளை அம்மா சொன்னதுதான் சரியோ என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். அந்த நினைப்புக்காக என்னையே அறைய வேண்டும்போல் இருந்தது.

நூர் பாஷாவின் லாரி புழுதியோடு உள்ளே திரும்பி மேடையில் ஏறியது. சிவப்பு எண்கள் குதித்து அடங்கின. மாது நிமிர்ந்து உட்கார்ந்து பொத்தானை அழுத்தினார்.

ஒன்றும் நடக்கவில்லை.

மறுபடி அழுத்தினார். மவுசை இழுத்தார். மேசையை ஒரு தட்டுத் தட்டினார். கடிகாரம் எப்போது நின்றதென்று மூன்று பேருமே கவனிக்கவில்லை.

பாஷா ஜன்னலில் தலையை நீட்டினார். "யாரு, மாதுவா? நீ ஒக்காந்தாலும் நிக்குதா?" என்று கேட்டுப் பெரிதாகச் சிரித்தார். அவர் விளையாட்டாகத்தான் சொன்னார்.

மாது சிரிக்கவில்லை. நிற்கும் என்று அவரிடம் சொல்லித்தான் உட்காரவைத்தேன். ஏன் நிற்கும் என்பதையும் சொல்லியிருந்தேன். எல்லாம் தெரிந்தும் அவர் முகம் சுண்டிப் போனது. வலது கையை மடியில் வைத்து விரித்து, திருநீறு ஒட்டிய உள்ளங்கையைப் பார்த்தார். இத்தனை நாள் என் கையை எப்படிப் பார்த்தாரோ அப்படியே பார்த்தார். ரஞ்சித் நாற்காலியை விட்டு அரையடி தள்ளி நின்றான். தள்ளி நின்றது அவனுக்கே தெரிந்திருக்காது. மாது அதைப் பார்த்துவிட்டார்.

"எங்கையில நின்னுருச்சே பாப்பா" என்றார்.

எவ்வளவோ பேச வைத்திருந்தேன். பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் சேர்த்து வைத்த பேச்சு. குருவி, பனம்பழம், ஃபேன், அம்மா போட்ட எலுமிச்சம்பழம். ஜெயித்தால் அத்தனையையும் கொட்டிவிட வேண்டும் என்றிருந்தேன். அந்த விரிந்த கையைப் பார்த்ததும் ஒன்றும் வரவில்லை. யாராவது எனக்குச் சொல்ல மாட்டார்களா என்று நான் காத்திருந்த ஒரே வாக்கியம்தான் வந்தது.

"உங்க கையில ஒண்ணும் இல்லீங்கண்ணா."

"நெசமாவா?"

"நெசமாத்தாங்க. பெட்டிக்குத் தூங்கி எந்திரிக்கத் தெரியல, அவ்வளவுதான்."

அவர் கையை மூடிக்கொண்டு எழுந்து, நாற்காலியை என் பக்கம் நகர்த்தினார். நான் உட்கார்ந்து பெட்டியை அணைத்துப் போட்டு, புதுக் கெர்னலைத் தேர்ந்தெடுத்தேன். பாஷா டீக்கடைக்குப் போகலாமா வேண்டாமா என்று ஜன்னலிலேயே நின்றார். மாது கதவருகில் போய் நின்று ரோட்டைப் பார்த்தார். பிறகு திரும்பி, என் கையைப் பார்க்காமல், முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

"நாளைக்கு வந்துரு பாப்பா."

ராசி என்ற சொல்லை எதிர்பார்த்தேன். அவர் அதைச் சொல்லவில்லை.